கை ஊன்றாமல் எழுவது

வேலூரில் நான் வேலை செய்யும் கிளினிக்கில் ஒரு மர நாற்காலி இருக்கிறது. கைப்பிடி கிடையாது. பின்பக்கம் சுவரில் முட்டும்படி போட்டிருப்போம். வயதானவர்கள் யார் வந்தாலும், எந்த வலியோடு வந்தாலும், முதலில் அதில்தான் உட்கார வைப்பேன். இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளச் சொல்வேன். எழ வேண்டும், உட்கார வேண்டும், மறுபடியும் எழ வேண்டும். அரை நிமிடத்தில் எத்தனை முறை எழுகிறார்கள் என்று எண்ணிக் குறித்துக்கொள்வேன். கையை எங்கும் ஊன்றக் கூடாது. ஊன்றி எழுந்தால் எண்ணிக்கை பூஜ்யம்.

நான் பிசியோதெரபி படித்தவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். கல்லூரிக்குள் நுழைந்த முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. கிளினிக் கதவில் என் பெயருக்குப் பின்னால் மூன்று ஆங்கில எழுத்துகளை ஒட்டிய அன்று அதைப் படம் எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் காட்டினேன். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவள். போன் திரையை விரலால் தடவிப் பார்த்து, "இந்த மூணு எழுத்துக்காடி நாலரை வருசம்?" என்றாள். பிறகு அந்தப் போனை எடுத்துக்கொண்டு தெருவில் நாலு வீடு போய் வந்தாள்.

அப்பா நான் எட்டாவது படிக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்தாள். ஷூவின் மேல்பாகத்துக்கு வெட்டிய தோல் துண்டுகளில் பசை தடவி, ஓரத்தை மடித்து ஒட்டும் மேசை அவளுடையது. அந்த வரிசையில் ஸ்டூல் போட மாட்டார்கள். குந்தினால் கை வேகம் குறையும் என்று பழைய சூப்பர்வைசர் ஒருவர் கண்டுபிடித்ததாம். அவர் போய்விட்டார், அவர் கண்டுபிடிப்பு மட்டும் போகவில்லை. காலையில் கம்பெனி வேன் ஏறினால் மாலையில் இறங்கும்வரை, சாப்பாட்டு நேரம் போக, நின்றபடிதான்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் தோள்பட்டை வலி என்று எங்களிடம் வந்தார். வயது எழுபத்தொன்று. தினமும் காலையில் கோட்டையைச் சுற்றி நடப்பவர். நாற்காலியில் உட்கார வைத்து எண்ணினேன். பதினான்கு. நிறுத்துங்கள் என்ற பிறகும், "இன்னும் ரெண்டு பண்ணட்டுமாம்மா?" என்று கேட்டார்.

அன்று மாலை வீட்டில் அதை அம்மாவிடம் ஆச்சரியமாகச் சொன்னேன்.

"அவங்களுக்கு இன்னா, நெழல்ல இருந்த ஒடம்பு" என்றாள் அம்மா, வெங்காயம் நறுக்கிக்கொண்டே. மேடை ஓரத்தில் சாய்ந்து நின்றபடிதான் நறுக்குவாள்.

"அப்படி இல்லமா. நடக்கணும். பழக்கம்தான். நீ ஞாயித்துக்கெழமை ஆனா படுத்துக்கற இல்ல, அது தப்பு."

அம்மா என்னைப் பார்த்தாள். "சரிங்க டாக்டரம்மா" என்றாள். நானும் சிரித்தேன்.

அந்த மாதக் கடைசியில்தான் கம்பெனிக் கடிதம் வந்தது. அம்மாவின் கட்டிலுக்கு மேலே ஜன்னல் கம்பியில் ஒரு தோல் வார் கட்டியிருக்கும். கம்பெனியில் வெட்டித் தள்ளும் துண்டு. சாப்பாட்டுப் பையை மாட்ட அவள் செய்துகொண்ட ஏற்பாடு என்று நினைத்திருந்தேன். அந்த வாரில் மாட்டியிருந்த பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினாள். ஐம்பத்தெட்டு வயது நிறைவதால் அடுத்த மாதக் கடைசியோடு பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் இருந்தது. படித்துச் சொன்னேன்.

"எனக்கு அம்பத்தெட்டு ஆவல" என்றாள் அம்மா.

"ஆதார்ல அப்படித்தானே இருக்கு?"

"ஆதார்ல இருக்கும். எனக்கு ஆவல."

அப்போதுதான் சொன்னாள். அவளைக் கம்பெனிக்கு அழைத்துப் போனபோது அவளுக்குப் பதினாலு வயது. ஆள் சேர்க்கும் மேஸ்திரி, தெருவில் இருந்த ஏழெட்டுப் பெண்களை வரிசையாக நிற்க வைத்து, கேட்டால் பதினெட்டு என்று சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாராம். வழியெல்லாம் பதினெட்டு, பதினெட்டு என்று சொல்லிக்கொண்டே நடந்தார்களாம். கம்பெனிச் சீட்டில் அது ஏறியது. கம்பெனிச் சீட்டைப் பார்த்து ரேஷன் கார்டில் ஏறியது. அதைப் பார்த்து வாக்காளர் அட்டை, அதைப் பார்த்து ஆதார்.

"எதுக்குமா மாத்தாம விட்ட?"

"எவன் கேட்டான்? வேலை செய்யறவளுக்கு வயசு எதுக்கு? இப்பத்தான கேக்கறாங்க."

நான் சம்பாதிக்கிறேன், வீட்டில் இரு என்று சொன்னேன். அதற்கு அவள் சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "ஒன்ன நான் சோறு போடுன்னு கேக்கலியே. அந்த நாலு வருசம் என்னுது. மேஸ்திரி வாயால போச்சு. நீதான் படிச்சிருக்கியே, அத வாங்கிக் குடு."

படித்தவள் என்ற சொல் எனக்குப் போதும். உடனே இறங்கிவிடுவேன்.

அம்மா பிறந்தது நாட்றம்பள்ளிப் பக்கம் ஒரு கிராமம். அவள் மூன்று வருடம் போன தொடக்கப் பள்ளி இன்னும் இருந்தது. தலைமையாசிரியர் பீரோவின் அடித்தட்டிலிருந்து பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்தார். பக்கங்கள் அப்பளம் மாதிரி உடைந்தன. பாதிப் புத்தகத்துக்கு மேல் அம்மாவின் பெயர் இருந்தது. பக்கத்தில் அவள் அப்பாவின் கைநாட்டு. பிறந்த தேதியைப் பார்த்து விரல் விட்டு எண்ணினேன். ஐம்பத்து நான்கு.

"பாத்தியா?" என்றாள் அம்மா. தலைமையாசிரியரைப் பார்த்தும் சொன்னாள், "பாத்தீங்களா சார்?" அவர் சான்றிதழ் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது பஸ் பாதி காலியாக இருந்தது. நான் உட்கார்ந்தேன். அம்மா கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

"உக்காருமா."

"நின்னுக்கினே வர்றேன். காத்து வருது." காற்று எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ஜன்னல் வழியாகத்தான் வந்தது. நான் அதை யோசிக்கவில்லை. சான்றிதழை மடியில் வைத்து, ஆங்கிலத்தில் எழுத வேண்டிய கடிதத்தின் முதல் வரியை யோசித்துக்கொண்டு வந்தேன். அம்மா முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு களை இருந்தது. நாலு வயது குறைந்த களை. ஆம்பூரில் இறங்கியதும் பேக்கரியில் க்ரீம் பன் கேட்டாள். அதையும் நின்றுகொண்டேதான் தின்றாள்.

கம்பெனியில் தொழிலாளர் விஷயங்களைப் பார்க்கும் அதிகாரியிடம் நேரம் கேட்டு ஒரு திங்கட்கிழமை போனோம். முப்பத்தைந்து வயது இருக்கும். மரியாதையான ஆள். சுவரில் கண்ணாடி அலமாரிக்குள் வெளிநாட்டுக்குப் போகும் ஷூக்கள் ஒற்றை ஒற்றையாக நின்றன. அவர் மேசைக்கு எதிரே தோல் உறை போட்ட தாழ்வான சோபா. நான் உட்கார்ந்து, சான்றிதழோடு கடிதத்தை நீட்டி, ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தேன். நன்றாகத்தான் பேசினேன். அவரும் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னார். அம்மா கதவுக்குப் பக்கத்தில் சுவரோரம் நின்றாள்.

அது என்னைக் குத்தியது. நாற்பது வருடம் உழைத்த கம்பெனியில், மகள் சோபாவில் உட்கார்ந்திருக்க, அம்மா சுவரோரம் நிற்பதா?

"உக்காருமா" என்றேன்.

"பரவால்ல, நீ பேசு."

"உக்காருங்கமா" என்றார் அதிகாரியும்.

"இல்ல சார், நின்னே பழக்கம்."

அந்தப் பழக்கத்தைத்தான் நான் மாற்ற வந்திருக்கிறேன் என்று எனக்குள் ஒரு வேகம். எழுந்து போய் அவள் கையைப் பிடித்து இழுத்து வந்து, தோளில் கை வைத்து அழுத்தி உட்கார வைத்தேன். அழுத்தினேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். சோபா அவளை உள்வாங்கிக்கொண்டது. முழங்கால்கள் இடுப்புக்கு மேலே போய்விட்டன.

அம்மா ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையால் சோபாத் தோலைத் தடவினாள். "எருமைத் தோலுதான சார்? மேல ஃபினிஷிங் நல்லா குடுத்துருக்காங்க. இங்க ஓரத்துல மடிப்புதான் சரியில்ல" என்றாள். அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். "அம்மா குவாலிட்டி செக்கிங்குக்குப் போக வேண்டியவங்க" என்றார்.

சான்றிதழைப் படித்துவிட்டு அவர் தமிழுக்கு வந்தார். "மேடம், ரெக்கார்ட்ல வயச மாத்தறது முடியாது. பதினாலு வயசுப் பொண்ண வேலைக்குச் சேத்தோம்னு கம்பெனியே எழுதிக் குடுக்கற மாதிரி ஆயிடும். ஆனா வேற வழி இருக்கு. ரிட்டயர் ஆனப்புறம் கான்ட்ராக்ட்ல மூணு வருசம், நாலு வருசம் வெச்சுக்கறோம். பழைய கை வேணும் எங்களுக்கு. ஃபிட்டா இருந்தா போதும்."

அம்மா நிமிர்ந்தாள். "இருக்கேன் சார்."

"அப்புறம் இன்னா? வாங்க, லைன் மேனேஜர இப்பவே பாத்துரலாம்." அவர் எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். நானும் எழுந்தேன்.

அம்மா எழவில்லை.

முதலில் உடம்பை முன்னால் தள்ளினாள். சோபா அவளைப் பின்னால் இழுத்தது. பக்கத்தில் பிடிக்க எதுவும் இல்லை, மேசை எட்டவில்லை. கையைச் சோபாவில் ஊன்றினாள், கை மெத்தைக்குள் இறங்கியது. இன்னொரு முறை. முகத்தில் சிரிப்பை மட்டும் கலைக்காமல் வைத்திருந்தாள். பிறகு பக்கவாட்டில் திரும்பி, ஒரு முழங்காலைத் தரையில் வைத்து, இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, அந்த அறையின் நடுவே, கதவைத் திறந்து பிடித்த அதிகாரியின் முன்னால், நான்கு காலில் நின்றாள். அங்கிருந்து மேலே வர முடியவில்லை. அதிகாரி போனை எடுத்துப் பார்த்தார். நல்ல மனிதர், பார்க்காமல் இருக்க முயன்றார்.

விழுந்தவர்களைத் தூக்குவது என் தொழில். ஆனாலும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தேன். பிறகு குனிந்து அக்குளுக்குக் கீழே கை கொடுத்தேன். என் வாய் பழக்கத்தில், "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றது. நோயாளிகளிடம் சொல்வது போலவே.

அம்மா நின்றதும் புடவையைச் சரிசெய்துகொண்டு, "போலாம் சார்" என்றாள்.

அவர் கதவை மெதுவாக மூடினார். "அம்மா ரெஸ்ட் எடுக்கட்டும் மேடம்" என்றார். என்னிடம்தான் சொன்னார், அவளிடம் இல்லை. சான்றிதழை மடிப்புக் கலையாமல் கவரில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். வயதைப் பற்றிய பேச்சே அதன் பிறகு எழவில்லை. ஐம்பத்து நான்கு என்ற காகிதம் அவர் கையில் இருந்தது. எதிரே நின்ற உடம்பு அதை இல்லை என்று சொல்லிவிட்டது.

கேட்டுக்கு வெளியே வந்து டீக்கடைக்குப் போனோம். டீ டம்ளரைக் கையில் வாங்கிய பிறகு அம்மா சொன்னாள், "நான்தான் நிக்கறேன்னு சொன்னேன்ல."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல? இது என் வேலைமா. நான் இதுக்குத்தான படிச்சேன்."

"ஒங்கிட்ட சொன்னா? நீ நாற்காலில குந்த வெச்சு எண்ணுவ. அப்பறம் ஞாயித்துக்கெழமை படுத்தது தப்புன்னுவ."

டீ ஆறும்வரை அதைக் கையில் வைத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் வேனில் வந்து இறங்கிய அம்மாவின் தோழி நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மாவோடு ஒரே நாளில், ஒரே மேஸ்திரி சேர்த்த பெண். அதே மேசையில் எதிர்ப்பக்கம் நிற்பவர். விஷயம் அதற்குள் வரிசை முழுக்கப் பரவியிருந்தது.

"சோபாலயா குந்த வெச்ச பாப்பா?" என்று என்னிடம் கேட்டார். "நாங்க கல்யாண வீட்டுலயே சோபா பக்கம் போவ மாட்டோம். பிளாஸ்டிக் சேர், அதுவும் தூணு ஓரமா இருக்கணும்."

அம்மா சிரித்தாள். அவர் நிறுத்தவில்லை. "டேபிள்ல இருக்கற பழைய ஆளு எல்லாருக்கும் இந்த பேஜார்தான். கத்திரி கீழ விழுந்தா நாங்க குனிய மாட்டோம். புதுசா வந்த பொண்ணு எவளாச்சும் கண்ணுல பட்டா, 'ஏ பொண்ணு, அத எடு'ன்னு அதட்டுவோம். அவளுங்க நாங்க அதிகாரம் பண்றோம்னு நெனச்சுக்கறாளுங்க. சூப்பர்வைசர் வந்தா வேகமா நடப்போம். போனப்பறம் ஒரு வாரம் அனுபவிப்போம்." பிறகு தன் முழங்காலைத் தட்டினார். "ஒங்கம்மாக்கு நாலு சேத்தாங்க. எனக்கு மூணு. சீட்டுல சேத்த வயசெல்லாம் கால்ல வந்து எறங்கிடுச்சு. என் தோஸ்து நல்லா சமாளிச்சா. நீ குந்த வெச்சுக் கெடுத்துட்ட."

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை.

மறுநாள் காலை நான் அம்மாவுக்கு முன்னால் விழித்திருந்தேன். அவள் அதை அறியவில்லை. படுத்தவாறே கையை மேலே நீட்டி, ஜன்னல் கம்பியில் கட்டியிருந்த தோல் வாரைப் பிடித்தாள். ஒரு முறை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். இழுத்து உட்கார்ந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டாள். இன்னொரு முறை இழுத்து நின்றாள். பிறகு வாரில் சாப்பாட்டுப் பையை மாட்டினாள். அந்த வார் நடுவில் கறுத்து, பளபளவென்று தேய்ந்திருந்தது. பை மாட்டி அப்படித் தேயாது. எத்தனையோ வருடம் அதை நான் தினமும் பார்த்தேன். வேலூரில் முன்பின் தெரியாதவர்கள் ஆட்டோவிலிருந்து இறங்குவதைப் பார்த்தே எந்த மூட்டு என்று சொல்லிவிடுவேன். இந்த ஒரே அறை வீட்டில் எனக்குத் தெரியவில்லை. அம்மா எனக்குத் தெரியாதபடி எழுந்தாள் என்பது பாதி. அவள் எழுவதை நான் பார்க்க நினைக்கவில்லை என்பது மீதி.

அந்த மாதக் கடைசியில் அம்மா ஓய்வு பெற்றாள். வரிசையில் நின்றவர்கள் சேர்ந்து ஒரு சால்வையும் எவர்சில்வர் குடமும் கொடுத்தார்கள். நன்றி சொல்ல மேடைக்குக் கூப்பிட்டார்கள். போட்டோவுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். அந்தப் படத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, சால்வை போர்த்திய அம்மா மட்டும் ஓரத்தில் நிற்கிறாள். பார்ப்பவர்கள் அடக்கம் என்று நினைப்பார்கள்.

சோதித்துப் பார்க்கலாமா என்று இரண்டு வாரம் நான் கேட்கவில்லை. ஒரு நாள் அவளாகவே, "ஒன் நாற்காலி காலியா இருக்கா?" என்றாள்.

மதிய நேரம், கிளினிக்கில் யாரும் இல்லை. அவளை அந்த மர நாற்காலியில் உட்கார வைத்தேன். கைகளை மார்பில் கட்டச் சொன்னேன். கடிகாரத்தைப் பார்த்தேன். அரை நிமிடம் முழுவதும் அவள் முயன்றாள். நாற்காலியின் முதுகு சுவரில் மோதும் சத்தம் கேட்டது. கடைசியில் கையை ஊன்றி எழுந்தாள்.

"எவ்ளோ?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அவள் வாழ்க்கையில் ஏற்கெனவே ஒரு எண்ணை யாரோ மாற்றிச் சொல்லிவிட்டார்கள். "பூஜ்யம்மா" என்றேன்.

"அந்த டீச்சரம்மா எவ்ளோ?"

"பதினாலு."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். சுவரைப் பிடித்து நின்றபடி யோசித்தாள். "அவங்க பதினாலு வயசுல இன்னா பண்ணிக்கினு இருந்தாங்கன்னு கேளு."

அடுத்த முறை தலைமையாசிரியை வந்தபோது நிஜமாகவே கேட்டேன். அவர் சந்தோஷமாகச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் த்ரோபால் விளையாடினாராம். வீட்டில் தினமும் ஒரு முட்டையும் பாலும் கட்டாயமாம். "ஏம்மா கேக்கற?" என்றார். சும்மாதான் டீச்சர் என்றேன். அவர் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஒரு பதினாலு வயதுப் பெண்ணுக்குக் கிடைக்க வேண்டியதுதான் அவருக்குக் கிடைத்தது. ஆனால் அன்றிலிருந்து, எழுவது பழக்கம்தான் என்று யாரிடமும் நான் சொல்வதில்லை.

அம்மாவுக்கு ஒரு கோப்பு தொடங்கினேன். வயது என்ற இடத்தில் பேனா நின்றது. அந்த நாற்காலிச் சோதனைக்கு எங்களிடம் ஓர் அட்டவணை உண்டு, இந்த வயதுக்கு இத்தனை முறை எழுவது சரி என்று. அது அறுபதில்தான் தொடங்குகிறது. அதற்குக் குறைந்தவர்கள் எழ முடியாமல் இருப்பார்கள் என்று அதைச் செய்தவர்கள் நினைக்கவில்லை போலிருக்கிறது. ஆதாரில் உள்ள வயதை எழுதினாலும் அம்மா அதில் வர மாட்டாள். பள்ளிச் சான்றிதழில் உள்ளதை எழுதினாலும் வர மாட்டாள். நான் ஐம்பத்து நான்கு என்று எழுதினேன். கம்பெனி ஒத்துக்கொள்ளாத அந்த எண் ஒரு காகிதத்திலாவது இருக்கட்டும்.

நாற்காலியில் இரண்டு போர்வைகளை மடித்துப் போட்டு உயரமாக்கினேன். அதிலிருந்து பழகினாள். வாரத்தில் மூன்று நாள் மதியச் சாப்பாட்டோடு பஸ் ஏறி வருவாள், நின்றபடி. ஒரு மாதம் கழித்து ஒரு போர்வையை எடுத்தேன். இன்னொன்றை எடுக்க மேலும் பல வாரங்கள் ஆயின. தேய்ந்த மூட்டு திரும்பாது என்பதை அவளிடம் மறைக்கவில்லை. "தெரியும். எழுந்தா போதும்" என்றாள்.

போர்வை இல்லாமல் அவள் கை ஊன்றாமல் எழுந்த அன்று நான் கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டேன். மார்பில் கட்டிய கைகளைப் பிரிக்காமல், தொடை நடுங்க, பல்லைக் கடித்துக்கொண்டு, முழுதாக நிமிர்ந்து நின்றாள். ஒன்று. பிறகு தொப்பென்று உட்கார்ந்தாள்.

"எழுதிக்கினியா?"

"எழுதிட்டேன்மா. ஒண்ணு."

"பதினாலுக்கு இன்னும் பதிமூணு" என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, கைகளை மறுபடியும் மார்பில் கட்டினாள். "இன்னொரு தபா. இப்ப கடிகாரத்தப் பாத்து எண்ணு."